ஒரு கரண்டி உறைமோர்

அந்தமான் தீவுகளில் காடு உண்டு. காட்டில் பன்றி உண்டு. கடலில் மீன் உண்டு. ஆனால் ஆதியில் அங்கே மாடு கிடையாது. காலங்காலமாக அங்கே வாழும் பழங்குடி மக்கள் வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள், தேன் எடுத்தார்கள். பால் கறக்கவில்லை.

1858-ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசு போர்ட் பிளேரில் கைதிகளைக் கொண்டு வந்து குடியமர்த்தியது. 2024-ஆம் ஆண்டு முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். கைதிகள் வந்தார்கள். காவலர்கள் வந்தார்கள். பிறகு 1949 முதல் வங்காள அகதிகள் வந்தார்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்து மக்கள் என்று பலரும் பிழைப்புத் தேடி வந்தார்கள். எல்லாரும் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பசுவும் அப்படித்தான்.

இப்போது ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் என்று பல ஊர்களிலும் மாடு வளர்க்கிறார்கள். ஆனாலும் எல்லாருக்கும் போதுமான பால் கிடைப்பதில்லை. மீதியைப் பால் பவுடர்தான் சமாளிக்கிறது. அது கப்பலில் வர வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல் நின்றுவிடும். கப்பல் நின்றால் கடையில் விலை ஏறும்.

எனவே தீவில் பால் அருமையான பொருள். அரை லிட்டர் பால் திரிந்து போனால் அந்த வீட்டில் அன்று பிள்ளைக்குப் பால் இல்லை. திரிந்த பாலைக் கொட்டும் கைக்குத்தான் அந்த வருத்தம் தெரியும். காய்ச்சாத பால் தீவின் வெக்கையில் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். காய்ச்சினால் அன்று பொழுது வரை தாங்கும். அதே பாலை உறை ஊற்றி வைத்தால் மறுநாளும் சாப்பிடலாம். குளிர்பெட்டி வேண்டியதில்லை. மின்சாரம் வேண்டியதில்லை. ஒரு கரண்டி உறைமோர் போதும்.

பால் எப்படித் தயிராகிறது?

உறைமோரில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இவற்றைப் பாக்டீரியா என்றும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு சிறியவை. எல்லா நுண்ணுயிரும் நோய் தருபவை அல்ல. தயிர் தருபவையும் உண்டு.

பாலில் இயற்கையாகவே கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது. அதனால்தான் வெறும் பாலும் இலேசாக இனிக்கிறது. உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்கின்றன. தின்றுவிட்டுப் புளிப்பான அமிலத்தை வெளியே விடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் கலந்திருக்கும் புரதச் சத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்த பால் கட்டியாகிறது. அதுதான் தயிர். புளிப்பு நுண்ணுயிரின் வேலை என்பதை 1857-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துக் காட்டினார். நம் பாட்டிமார் அதற்கு முன்பே உறை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியாது, கைப்பழக்கம் இருந்தது.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். நிக்கோபார் பகுதியில் கச்சால் என்று ஒரு தீவு இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல லட்சம் பேர் இந்தியா வந்தார்கள். அவர்களில் சில குடும்பங்கள் கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. ரப்பர் மரத்தைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அதைத் தட்டில் ஊற்றி, தண்ணீரில் கரைத்த அமிலத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். மறுநாள் அது கெட்டியாக உறைந்திருக்கும். பிறகு உருளையில் கொடுத்துத் தகடாக்குவார்கள். அங்கே அமிலத்தை மனிதர் ஊற்றுகிறார். தயிரில் அமிலத்தை நுண்ணுயிரே செய்துகொள்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

சரி, ஒரு கரண்டி மோர் எப்படி ஒரு பானைப் பாலை மாற்றுகிறது? ஒரு நுண்ணுயிர் இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகும். நான்கு எட்டாகும். அரை மணிக்கு ஒரு முறை இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் பத்து முறை பிரியும். ஒன்று 1,024 ஆகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1,024. கரண்டி மோரில் இருப்பது ஒன்று அல்ல, கோடிக்கணக்கில். இப்போது புரிகிறதா, ஏன் கொஞ்சம் உறை போதும் என்று?

உறை ஊற்றும் முறை

முதலில் பாத்திரம். எவர்சில்வர், மண்சட்டி, கண்ணாடி, பீங்கான் எல்லாம் நல்லது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு பட்டால் அந்த உலோகம் தயிரில் கரையும். களிம்பு ஏறும். அலுமினியமும் வேண்டாம். பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் சோப்பு போகும் வரை அலச வேண்டும். கடைசியில் கொதிக்கும் நீரை ஊற்றிக் கொட்டிவிட வேண்டும். தீவில் பல வீடுகளில் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துப் புழங்குகிறார்கள். அந்தத் தண்ணீரில் அலசிய பாத்திரத்தில் வேறு கிருமிகள் இருக்கலாம். ஆகவே கொதிநீர் கட்டாயம்.

பாலை வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடக் கூடாது. அடுப்பைத் தணித்து, அடி பிடிக்காமல் கிண்டிவிட்டு, பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். இதற்கு இரண்டு காரணம். காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும் மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் வேறு நோய்க் கிருமிகளும் இருக்கக்கூடும். கொதியில் அவை சாகும். இது முதல் காரணம். நன்றாகக் காய்ந்த பாலில்தான் தயிர் கெட்டியாகத் தோயும் என்பது இரண்டாவது. பசும்பால் கொஞ்சம் தண்ணீராக இருக்கும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். அதனால் எருமைத் தயிர் கத்தியால் வெட்டலாம் போல இருக்கும். இலங்கையிலிருந்து வந்த பெரியவர்களைக் கேட்டால் மண்சட்டியில் தோய்ந்த எருமைத் தயிரையும் அதன் மேல் ஊற்றிய கித்துள் பாணியையும் பற்றிச் சொல்வார்கள். கேட்கும்போதே நாவில் நீர் ஊறும்.

அடுத்தது சூடு. தயிர் நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கொதிக்கும் பாலில் உறைமோரை விட்டால் நுண்ணுயிர்கள் வெந்து செத்துவிடும். பால் பாலாகவே இருக்கும். முழுக்க ஆறிய பாலில் விட்டால் அவை மெதுவாகவே வளரும். அதற்குள் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளலாம். 40 முதல் 45 டிகிரி வரை சூடு இருந்தால் நல்லது. வீட்டில் யாரும் வெப்பமானி வைத்துக்கொண்டு உறை ஊற்றுவதில்லை. அதனால் ஒரு வழி. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணும் வரை கையை எடுக்காமல் வைத்திருக்க முடிகிறதா? கை சுடவில்லை, ஆனால் கதகதப்பாக இருக்கிறதா? அதுதான் பதம். பாலுக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. விரல் நகத்தில் அழுக்கு இருந்தால் அதுவும் பாலில் சேரும். வெளியே தொட்டுப் பார்ப்பதே நல்லது.

இனி உறைமோர். அரை லிட்டர் பாலுக்கு ஒரு சின்னக் கரண்டி போதும். மழை நாளில் இரண்டு கரண்டி. உறையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து, பிறகு பாத்திரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். அப்போதுதான் எல்லா இடத்திலும் பரவும். சீக்கிரம் தோயட்டும் என்று நிறைய உறை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேகமாகப் புளிக்கும். தயிர் திப்பி திப்பியாகும். மேலே தண்ணீர் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது.

பாத்திரத்தை மூடி, ஆடாத இடத்தில் வைக்க வேண்டும். தோயும்போது அசைக்கக் கூடாது. சாய்த்துப் பார்க்கக் கூடாது. பூனை, எறும்பு தொல்லை இருந்தால் உறியில் தொங்கவிடலாம், ஆனால் அந்த உறி ஆடக் கூடாது. மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரவில் உறை ஊற்றுவது நல்லது. அந்தமானில் மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும். விடியலும் சீக்கிரம். இரவு எட்டு மணிக்கு உறை ஊற்றினால், விடியற்காலை எழும்போது தயிர் தயாராக இருக்கும்.

வெயில் காலத்தில் ஐந்து ஆறு மணி நேரம் போதும். மழைக்காலத்தில் எட்டு மணி நேரம் கூட ஆகலாம். தீவில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை மழைதான். ஊட்டி, கொடைக்கானல் போலக் குளிர் கிடையாது. அதனால் தோயாமல் போகுமே என்ற கவலை குறைவு. அடைமழை நாளில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்தால் போதும்.

தீவில் உண்மையான தொல்லை வேறு. ஒன்று, தயிர் சீக்கிரம் புளித்துவிடும். இரண்டு, காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பூசணம் பிடிக்கும். தோய்ந்த தயிரை அடுப்புப் பக்கத்திலேயே விட்டுவைத்தால் மதியத்துக்குள் புளித்துப் போகும். தோய்ந்தவுடன் குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அகலமான தட்டில் மணல் பரப்பி, மணலை நனைத்து, அதன் மேல் தயிர்ச்சட்டியை வைக்கலாம். சட்டியைச் சுற்றி ஈரத் துணி கட்டலாம். ஈரம் காயும்போது சட்டியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

மண்சட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. அது தயிரில் உள்ள தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி வெளியே விடும். தயிர் குளிரும், கெட்டிப்படும். பக்கத்தில் வங்காளிக் குடும்பம் இருந்தால் அவர்கள் செய்யும் மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிரைப் பாருங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையோ வெல்லமோ சேர்த்து, மண்சட்டியில்தான் உறை ஊற்றுவார்கள்.

உறைமோர் எங்கே கிடைக்கும்?

தயிரில் ஒரு கரண்டியை மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டும். இதை மறந்தால் பக்கத்து வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

“அக்கா, உறைமோர் இருக்கா?”

“இருக்கும்மா. நேத்துதுதான், கொஞ்சம் புளிச்சிடுச்சு. பரவாயில்லையா?”

“ஒரு கரண்டி போதும்க்கா. நாளைக்கு நான் தர்றேன்.”

புளித்த உறையிலும் தயிர் தோயும். ஆனால் அந்தத் தயிர் சீக்கிரம் புளிக்கும். இரண்டு மூன்று நாள் புளிக்காத நேரத்தில் எடுத்து எடுத்து உறை ஊற்றினால் சுவை திரும்பிவிடும்.

தீவில் பக்கத்து வீடு தமிழ் வீடாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தி பேசும் வீட்டில் ஜாமன் என்று கேட்க வேண்டும். தெலுங்கு வீட்டில் தோடு. மலையாள வீட்டில் உற. பெயர் நான்கு, வேலை ஒன்று.

விளக்கு வைத்த பிறகு மோர் கொடுக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். லட்சுமி போய்விடுவாளாம். ஐந்தரைக்கே விளக்கு வைக்கும் ஊரில் இந்தப் பேச்சைக் கேட்டால் பாதி வீட்டில் பால் வீணாகிவிடும். மோரில் உள்ள நுண்ணுயிருக்கு விளக்கு வைத்தது தெரியாது. இதைவிட மோசமான பேச்சு இன்னொன்று உண்டு. மாதவிலக்கான பெண் தொட்டால் தயிர் கெட்டுவிடும் என்பது. இது பொய். கழுவிய கை யாருடைய கையாக இருந்தாலும் தயிர் தோயும். கழுவாத கை யாருடையதாக இருந்தாலும் தயிர் கெடும்.

உறைமோர் எங்குமே கிடைக்கவில்லை என்றால் பச்சை மிளகாய்க் காம்பு கைகொடுக்கும். நான்கு மிளகாயைக் காம்போடு கழுவி, கதகதப்பான அரை டம்ளர் பாலில் போட்டு மூடி வையுங்கள். காம்பில் இயற்கையாகவே தயிர் செய்யும் நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதலில் வருவது இளகலாக இருக்கும், ருசி இருக்காது. அதைச் சாப்பிட வேண்டாம். உறையாக மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பாலில் ஊற்றுங்கள். நல்ல தயிர் கிடைக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோயவில்லையா?

இது முக்கியமான பகுதி. பொறுமையாகப் படியுங்கள்.

பால் நன்றாகக் காய்ந்தது. சூடு சரி. உறைமோர் நல்லது. ஆனாலும் விடிந்து பார்த்தால் பால் அப்படியே இருக்கிறது. அல்லது கொழகொழவென்று இருக்கிறது. என்ன காரணம்?

பசுவுக்கு மடிநோய் வருவது உண்டு. மடி வீங்கும். தொட்டால் சுடும். பாலில் திப்பி வரும், சில நேரம் இரத்தமும் வரும். கால்நடை மருத்துவர் கிருமியைக் கொல்லும் ஊசி போடுவார், அல்லது காம்பு வழியாக மருந்து செலுத்துவார். அந்த மருந்து பாலிலும் இறங்கும். அந்த மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற வேறுபாடு தெரியாது. உறைமோரில் உள்ள நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். அந்தப் பால் தோயாது. காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போய்விடாது.

தயிர் தோயாதது மட்டும் நட்டமல்ல. அந்தப் பாலைப் பிள்ளைகள் குடித்தால் மருந்தும் சேர்ந்து உள்ளே போகும். சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போய்க்கொண்டே இருந்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும். பிறகு உண்மையாக நோய் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாது.

மாடு வளர்ப்பவர் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். “ஐயா, இந்த ஊசிக்கு எத்தனை நாள் பால் விற்கக் கூடாது?” மருந்துக்கு மருந்து நாள் மாறும். பெட்டியிலும் அது அச்சிடப்பட்டிருக்கும். அத்தனை நாளும் கறந்த பாலை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது, விற்கவும் கூடாது. ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு இது பெரிய அடி. அந்த வீட்டில் அன்றைய அரிசியே பால் காசில்தான் வருகிறது. அதனால்தான் சிலர் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். மடிநோய் வராமல் தடுப்பது அதைவிடப் பயனுள்ளது. கறக்கும் முன் மடியைக் கழுவித் துடைக்க வேண்டும். கையைக் கழுவ வேண்டும். கறந்து முடிந்தவுடன் மாடு கொஞ்ச நேரம் படுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காம்புத் துளை மூடும் வரை. இதற்குத் தீனி போட்டு நிற்க வைத்தால் போதும். தொழுவத்தில் சேறு நிற்கக் கூடாது. எட்டு மாதம் மழை பெய்யும் ஊரில் இது எளிதல்ல. தரையில் கல் பாவி, வாய்க்கால் வெட்டினால் ஓரளவு முடியும்.

பால் தோயாததற்கு ஊசிதான் காரணம் என்று முதல் நாளே பால்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. வேறு காரணங்களும் உண்டு. பால் திரியாமல் இருக்கச் சோடா மாவு கலந்திருக்கலாம். பாத்திரத்தில் சோப்பு ஒட்டியிருக்கலாம். உறைமோர் செத்துப் போயிருக்கலாம். எது காரணம் என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் எடுங்கள். இரண்டையும் கொதிநீரில் கழுவுங்கள். ஒன்றில் சந்தேகப்படும் பால். இன்னொன்றில் வேறு வீட்டுப் பால். இரண்டையும் ஒரே போலக் காய்ச்சி, ஒரே சூட்டில், ஒரே உறைமோரை ஒரே அளவு ஊற்றுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலையில் பாருங்கள். இரண்டுமே தோயவில்லை என்றால் குறை உறைமோரிலோ சூட்டிலோ இருக்கிறது. ஒன்று தோய்ந்து, சந்தேகப்பட்ட பால் மட்டும் தோயவில்லை என்றால் குறை பாலில் இருக்கிறது. அப்போது போய்க் கேட்கலாம். கோபமாக அல்ல, “மாட்டுக்கு உடம்பு சரியில்லையா அண்ணே?” என்று கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் செய்வதும் இதே முறைதான். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை எல்லாம் ஒரே போல வைத்துப் பார்ப்பது.

யாருக்குக் கொடுக்கலாம்?

பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். பாலில் உள்ள சர்க்கரை அவர்களுக்குச் செரிக்காது. அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிட்டன அல்லவா?

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். தயிர் வேண்டாம், மோர் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு, மற்ற உணவு பழகும்போது, குழைந்த சோற்றில் புளிக்காத தயிரைக் கொஞ்சம் பிசைந்து கொடுக்கலாம். வளர்ந்த பிள்ளைக்குப் பேதியானால் காய்ச்சி ஆறிய நீர் சேர்த்த உப்பு மோர் கொடுக்கலாம். ஆனால் மோரை மட்டும் நம்பக் கூடாது. சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். அதைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். கண் குழி விழுந்து, பிள்ளை துவண்டு போனால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தயிரில் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் தெரிந்தால் பூசணத்தை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும். நூல் போல இழுத்தாலும், கசந்தாலும், கெட்ட வாடை அடித்தாலும் அப்படியே. அதிலிருந்து உறையும் எடுக்கக் கூடாது. வெறுமனே புளித்த தயிர் கெட்டது அல்ல. அது மோர்க்குழம்புக்கு ஆகும்.

பவுடர் பால்

புதுப்பால் கிடைக்காத நாளில் பவுடரிலும் தயிர் தோய்க்கலாம். கொழுப்பு நீக்காத பால் பவுடர் 125 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பவுடரைக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மற்றதெல்லாம் புதுப்பால் போலத்தான். பசும்பால் தண்ணீராக இருந்தால் அதிலும் இரண்டு கரண்டி பவுடர் சேர்க்கலாம். தயிர் கெட்டியாகும்.

பவுடர் வாங்கும்போது பையில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும். சரக்கு கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, சின்னத் தீவுக்குப் படகேறி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பையில் எழுத்து இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்கும். பரவாயில்லை. எண்கள் நீங்கள் படித்த அதே எண்கள்தான். ஒரு பையில் 03/2025 என்றும் 02/2026 என்றும் இரண்டு தேதி இருந்தால், முதலில் வருவது தயாரித்த மாதம், பின்னால் வருவது பயன்படுத்த வேண்டிய கடைசி மாதம். அதாவது 2026 பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பை ஆகாது. கடைக்காரர் “ஒன்றும் ஆகாது, கொண்டு போங்கள்” என்று சொன்னால் பையைத் திருப்பி அந்த எண்ணைக் காட்டுங்கள்.

படித்துப் பேசுங்கள்

கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் ஏன் தோயாது? உங்கள் வார்த்தையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் மாடு வளர்ப்பவர் யாராவது ஊசி போட்ட நாளில் பாலை விற்காமல் வைத்தது உண்டா? அப்படி விற்காமல் இருந்தால் அந்த வீட்டுக்கு ஊரார் என்ன உதவி செய்யலாம்?

கணக்குப் போடுங்கள்

உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பால் என்ன விலை? கடையில் ஒரு கிலோ தயிர் என்ன விலை? ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய ஒரு கிலோ தயிர் கிடைக்கும். விறகு அல்லது எரிவாயுச் செலவையும் சேருங்கள். வீட்டில் தோய்த்தால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மிச்சம்? ஒரு மாதத்துக்கு எவ்வளவு?

செய்து பாருங்கள்

இன்று இரவு மூன்று கிண்ணத்தில் பால் ஊற்றுங்கள். ஒன்று மிகச் சூடு, ஒன்று கதகதப்பு, ஒன்று முழுக்க ஆறியது. மூன்றிலும் ஒரே அளவு உறைமோர் விடுங்கள். எத்தனை மணிக்கு ஊற்றினீர்கள், எது எத்தனை மணிக்குத் தோய்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். தோய்ந்த தயிரையும் கொண்டு வரலாம்.